புல்லுக்கு வரி, கேட்டவனுக்குக் குண்டு

குலசேகரத்துக்கு மேற்கொண்டு பேச்சிப்பாறைப் பக்கம் சென்றால், ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிறது. அங்கே எல்லைக் கல்லுக்கு இப்பால் நிற்பவர் விவசாயி. அப்பால் கால் வைத்தால் குற்றவாளி.

இந்த நிலை வெள்ளையர் காலத்தில் உருவானது. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம், தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த மேய்ச்சலையும் விறகையும் தழையெருவையும் அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தியது. ரிசர்வ் காட்டில் மாடு புகுந்தால் பவுண்டில் அடைப்பு. திருவிதாங்கூர் அரசும் பின்னர் தன் பங்குக்கு வனச் சட்டம் கொண்டுவந்தது.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் ஜில்லா பல்நாட்டில், 1921-இல் குடியானவர்கள் புல்வரி கட்ட மறுத்தனர். மறுநாள் அடுப்பெரிய மாட்டை நம்பியிருந்தவர்கள் அவர்கள். 1922 பிப்ரவரியில் அவர்களின் தலைவர் கன்னெகண்டி ஹனுமந்து போலீஸ் குண்டுக்குப் பலியானார். கோரிக்கைக்குக் கிடைத்த பதில் துப்பாக்கி.

சுதந்திரம் வந்தது, பழக்கம் போகவில்லை. 1992 ஜூன் 20-இல், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வன, போலீஸ், வருவாய்த் துறையினர் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். தீர்ப்பு வர 2011 ஆயிற்று; உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

காட்டைக் காக்க வேண்டாமா? வேண்டும். காடு அழிந்தால் கோதையாற்றில் தண்ணீர் ஏது? ஆனால் மலையில் வாழ்பவரைத் திருடராகப் பார்த்துக் காட்டைக் காக்க முடியாது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து பயிரிடும் காணி மக்கள் போன்ற பழங்குடியினர், 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மற்றவர்கள் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டு, அங்கு வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். மனு கிராம சபைக்குச் செல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலமும் ஒரு சான்றாகும். மனு பரிசீலனை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

பல்நாட்டாருக்கு இப்படியொரு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. சான்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வாங்கிவைப்பது மலையோர மக்களுக்கு நல்லது.