நாஸ் பெட்டியும் அப்பாவின் அறுபதாம் கல்யாணமும்

பேங்க் மாற்றலில் நாக்பூர் வந்து ஆறு வருஷம். போன மாசம் எங்கள் ஹார்ட் டிஸ்க் 'கடக் கடக்' என்று முனகிவிட்டு உயிரை விட்டது. உள்ளே 2006-ல் நடந்த அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ. அப்பா இப்போது இல்லை. திருச்சியில் தம்பி வீட்டு பீரோவில் ஒரு டிவிடி கிடந்ததால் பிழைத்தேன்.

சரி, டிவியில் எல்லோரும் பார்க்க வசதியாக ஒரு நாஸ் பெட்டி வாங்கலாம் என்று கடைக்குப் போனால், பெரிய புராசஸர் உள்ளதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். நான் கட்சி மாறவில்லை. டிவிக்குப் புரியாத பார்மட்டை ஓடும்போதே மாற்றித் தரத்தான் அந்த வலு. எச்.264 கோப்பை இன்றைய டிவிக்கள் அப்படியே ஓட்டும். பெட்டி எடுத்துக் கொடுத்தால் போதும். பழைய வீடியோக்களைக் கணினியில் ஒரே ஒரு முறை மாற்றி வையுங்கள். மிச்சமாகும் காசில் இரண்டாவது டிஸ்க்!

4 டிபி இரண்டு போட்டு ரெய்டு 1 வைத்தால் கையில் நிற்பது 4 டிபிதான். 8-க்குக் காசு கொடுத்து 4-ஆ என்று வீட்டம்மா கேட்டது நியாயம்தான். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் பையன் தெரியாமல் அழித்தால் இரண்டிலும் அழியும். வீட்டில் திருடன் வந்தால் இரண்டும் போகும். பேங்கில் பெட்டக அறையின் மாற்றுச் சாவியை அதே கிளையிலா வைக்கிறோம்?

ஆகவே மூன்றாவது பிரதி தீபாவளிக்குத் திருச்சி போகிறது. தம்பி ஆரஞ்சு பர்ஃபிதான் எதிர்பார்ப்பான் :-)