கீழே இடி, மேலே தொட்டில்

நியூ ஜெர்ஸியில் என் மருமான் வீடு வாங்கியிருக்கிறான். அந்த ஊர்த் தனி வீடுகளில் பேஸ்மென்ட் என்று தரைக்குக் கீழே ஒரு முழுத்தளம் உண்டு. நம் வீட்டுப் பரண் மாதிரி. வேண்டாத சாமானெல்லாம் அங்கே போகும். இவன் அதில் தியேட்டர் கட்டிவிட்டான்.

போனமுறை போயிருந்தபோது, "மாமா, கீழ வாங்க!" என்று இழுத்துப் போனான். ஸ்பீக்கர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஐந்து சுவருக்குள், இரண்டு கூரைக்குள். பட்டனைத் தட்டினான். ஒரு ஹெலிகாப்டர் என் இடது காதில் நுழைந்து வலது காது வழியாக வெளியேறியது.

மூன்றாவது நிமிஷம் மேலே எட்டு மாதக் குழந்தை வீறிட்டது. அவன் மனைவி இறங்கி வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ரிமோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"சுவர் பூரா ஃபோம் ஒட்டியிருக்கேனே மாமா!" என்றான் பரிதாபமாக.

பலரும் ஏமாறுவது இதில்தான். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. அதற்குக் கனம் வேண்டும். பேஸ்மென்ட்டின் வெளிச்சுவர் கான்கிரீட், அதற்கு அப்பால் மண்; எனவே பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்தார். எதிரி கூரைதான். மர உத்தரங்களின் அடியில் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. அதிலும் தொட்டிலுக்கு நேர் கீழே இரண்டு ஓட்டை போட்டிருக்கிறான், மகானுபாவன்! தடுப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கு கோட்டைச் சுவராகவே இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபல்தான் தடுக்கும். தவிர, ஸ்பீக்கர் பின்பக்கமும் கத்தும். அந்தச் சத்தம் உத்தரங்களுக்கு நடுவே புகுந்து மேல்தளத்தையே மத்தளமாக்கிவிடும்.

கூரையைப் பிரித்தார்கள். ஸ்பீக்கர்களின் முதுகில் கனமான பலகைப் பெட்டி. உத்தர இடுக்குகளில் கண்ணாடிப் பஞ்சு. உத்தரத்தைத் தொடாமல், ரப்பர் வைத்த கிளிப்புகளில் தொங்கும் புதுக் கூரை: இரண்டு அடுக்கு ஜிப்சம், நடுவே அதிர்வை விழுங்கும் பசை. விளிம்புகளில் இறுகிப்போகாத அடைப்புப் பசை. உள்ளே கூடாக இருந்த கதவு போய், கெட்டிக் கதவு வந்தது. (செலவைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.) இத்தனைக்கும் பேஸ் ஒலி முழுசாக அடங்காது. 40 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே எட்டரை மீட்டர், பஞ்சுக்கெல்லாம் பயப்படாது.

போன மாதம் போன் செய்தான். "மாமா, சக்ஸஸ்! இங்க ஹெலிகாப்டர் பறந்தாலும் மேல லேசா ஒரு உறுமல், அவ்வளவுதான்."

"பிறகென்ன, ஜமாய்!"

"குழந்தை அழுதா கீழ கேக்கலை மாமா. அன்னிக்கு அவ கடைக்குப் போயிருந்தா. வந்து பார்த்தா, அவன் அழுது அழுது நீலமாயிட்டிருக்கான். நான் கீழ கிளைமாக்ஸ் பார்த்துட்டிருக்கேன்."

இப்போது தொட்டிலருகே ஒரு மைக்கும், திரைக்குப் பக்கத்தில் அதன் குட்டி ஸ்பீக்கரும் வைத்திருக்கிறான். அது கேட்க வேண்டுமே என்று படத்தைச் சத்தமில்லாமல், சப்-டைட்டில் போட்டுப் பார்க்கிறானாம்.