நிழற்படத்திற்கு ஓர் ஏடு வேண்டும்

இலக்கியச் சங்கத்திற்கும் நிழற்படத்திற்கும் என்ன உறவு என்று வினவுவோர் நம்மிடையே உளர். இயந்திரம் எடுப்பது படம், உள்ளம் எடுப்பது கவிதை, ஆகலின் முன்னதற்கு இங்கு இடமில்லை என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆயின் இவ்வன்பர்களே ஆண்டுதோறும் வெளிக்கொணரும் மலர்களைச் சற்றே புரட்டிப் பாருங்கள். வழவழப்புத் தாளில் வாழ்த்துரை வழங்கிய பெருமக்களின் மார்பளவுப் படங்கள்; பொன்னாடை போர்த்துவோர் படங்கள்; போர்த்தப்பெறுவோர் படங்கள். நிழற்படம் சங்கத்திற்குள் என்றோ நுழைந்துவிட்டது. நுழையாதது உணர்ச்சி ஒன்றே.

இக்காலத்து நிழற்படக் கலையையும் அது சுமக்கும் உணர்ச்சியையும் பொருளாகக் கொண்டு, விளம்பரம் தருவோர்க்கும் அரசியலார்க்கும் கடன்படாத அச்சு ஏடு ஒன்று, மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும், இக்கொல்லங்கோட்டிலிருந்து தமிழில் வெளிவர வேண்டும் என்பது நம் கட்சி. இதனை மறுப்போர் கூற்றுகளை எடுத்துக்கொள்வோம்.

இயந்திரத்திற்கு உணர்ச்சி இல்லை என்கின்றனர். எழுத்தாணிக்கு மட்டும் உண்டோ? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. உடம்பின்கண் புலப்படுவதை நிழற்படத்தைக் காட்டிலும் நேரே பற்றும் கலை எது? அழுகைக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என நான்கு நிலைக்களன்களையும் அவர் பிரித்துக் காட்டினார். ஒரு முகத்தின் கண்ணீர் இந்நான்கனுள் எதன்பாற்பட்டது என்று கேட்கத் தெரிந்த மொழி, நிழற்படத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்ற மொழி ஆகாது. பேசாதிருப்பது நம் சோம்பலேயன்றி மொழியின் குறையன்று.

அமெரிக்கரான ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களைப் படமெடுத்தார். தம் உள்ளத்து நிலைகளுக்கு நிகரானவை அவை என்று கருதி, ‘நிகர்கள்’ எனப் பொருள்படும் பெயரையே பின்னர் அவற்றிற்குச் சூட்டினார். நம் தென்மலையின்மேல் ஆண்டில் பாதி நாள் மேகம் தவழ்கிறது. நாள்தோறும் நூறு கைபேசிகள் அதனைப் பதிகின்றன. ஒரு படத்திலேனும், எடுத்தவர் அன்று மகிழ்ந்திருந்தாரா, மனம் உடைந்திருந்தாரா என்பது தெரிகிறதா?

கைபேசியிலேயே படங்கள் குவிந்து கிடக்க அச்சு எதற்கு என்பது அடுத்த கேள்வி. விரலால் தள்ளப்படும் படம் கண்ணில் தங்குவதில்லை என்பதே விடை. அச்சில் ஒரு படத்தின்பின் எப்படம் வர வேண்டும், எப்பக்கம் வெறுமையாய் நிற்க வேண்டும் என்பதை ஒருவர் பொறுப்பேற்று முடிவு செய்கிறார். முன்கூறிய ஸ்டீக்லிட்ஸ் 1903 முதல் 1917 வரை ‘கேமரா ஒர்க்’ என்ற ஏட்டை நடத்தினார். ஏறத்தாழ ஆயிரமாக இருந்த சந்தாதாரர் தொகை இறுதியில் 37 ஆகச் சுருங்கிற்று. அந்த நிலையிலும் கடைசி இதழை இளைஞர் பால் ஸ்ட்ராண்டின் படங்களுக்கே அளித்தார். ‘குருடி’ என்றெழுதிய அட்டையைக் கழுத்தில் தாங்கி நியூயார்க் தெருவில் நிற்கும் பெண்ணின் படம் அவ்விதழில்தான் வந்தது. ஜப்பானில் ‘புரோவோக்’ 1968–69இல் மூன்றே இதழ்களுடன் நின்றது. அந்நாட்டு நிழற்படத்தின் போக்கை அம்மூன்று இதழ்களே திருப்பின. தில்லியிலிருந்து ‘பிக்ஸ்’ என்ற ஏடு 2010களின் தொடக்கம் முதல் இதழுக்கொரு பொருள் என வகுத்து வெளிவந்தது. இலங்கைக்கென்றே ஓர் இதழையும் அளித்தது. ஆங்கிலத்தில் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தமிழர்க்கு இத்துறை புதிதன்று. ஏ. கே. செட்டியார் 1930களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலையைப் பயின்றவர். உலகெங்கும் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டவர். இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியதால் புலம்பெயர்ந்தோர் வாழ்வும் அவர் அறிந்ததே. 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ அவர் தனிமனித முயற்சியால் நெடுங்காலம் வெளிவந்தது. அத்தகையவரின் ஏடும் பழைய எழுத்துகளைத் தேடித் தந்த ஏடாகவே நினைக்கப்படுகிறது. படத்தின் ஏடாக அன்று. குறை அவருடையதன்று. எழுத்தைத்தான் நாம் ஏடு என மதித்தோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2023இல் இந்தியாவின் அழகிய சிற்றூர்கள் என்றொரு பட்டியல் சமூக ஊடகங்களில் பரவ, அதில் கொல்லங்கோட்டின் பெயரும் இருந்தது. அன்று தொட்டு வயல்வரப்பிலும் தேநீர்க் கடை வாயிலிலும் சீதார்குண்டு அருவியருகிலும் படமெடுப்போர் கூட்டம். வரட்டும், கடைக்காரர்க்கு நான்கு காசு சேரட்டும். ஆனால் அவர்கள் படங்களில் வயல் உண்டு, நாற்று நடுபவள் இல்லை; இருப்பின் அவள் முதுகு மட்டும் உண்டு. முதலமடை மாந்தோப்புகளில் கூடை சுமக்கும் தமிழ்க் குடும்பங்களும், தறிக்குழியில் கால் தேய்ந்த நெசவாளரும் அவ்வழகில் எங்கே நிற்கின்றனர்? 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை மாறியபோது நாம் பெயர்பெற்ற சிறுபான்மையர் ஆனோம். படத்தில் அப்பெயரும் இல்லை.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நம் கைவழியே ஓய்வூதியக் கோப்புகள் செல்வதுண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று அதில் ஒட்டப்பெறல் வேண்டும். திருமணத்தன்று எடுத்ததற்குப் பின் அவர்கள் இருவராய் அமர்ந்து எடுத்த ஒரே படம் பலர்க்கும் அதுவே. முப்பதாண்டு இடைவெளி அத்தோள்களுக்கிடையே தெரியும். ஒருவர் சிரிக்க முயன்றிருப்பார். மற்றவர் சிரிப்பதா வேண்டாமா என அறியாது விழித்திருப்பார். அதன்மேல் அலுவலக முத்திரை விழும். இவ்வளவு மெய்ப்பாட்டைச் சுமந்த படத்தைக் கோப்பில் மட்டுமே காணலாம் என்றால் இலக்கியம் என நாம் எதனைக் காத்து வருகிறோம்?

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஹூப்பர் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்ற சென்னை மாகாணத்து மக்களை வரிசையாய் அமர்த்திப் படமெடுத்தார். காண்போர் இரங்குவர், அமர்ந்திருப்போர் பெயர் எவர்க்கும் தெரியாது. இரக்கம் எழுப்புவது எளிது. மதுரையைச் சேர்ந்த பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளரையும் அவர்தம் இல்லத்தாரையும் படமெடுக்கையில் அவர்களுக்குப் பெயருண்டு, வீடுண்டு, சினமுண்டு. அப்படங்களில் அழுகையோடு வெகுளியும் பெருமிதமும் ஒருங்கே நிற்கின்றன. இவ்விரு வழிகளுக்குமிடையே உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்லவே ஏடு வேண்டும் என்கிறோம்.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், ஆயிரக்கணக்கில் மின்பதிவு செய்தது. கோவிந்தாபுரத்திற்கு இப்பால் உள்ள நம் பெட்டிகளை வேறெவரும் வந்து திறப்பர் எனக் காத்திருத்தல் வேண்டா. கரையான் காத்திருப்பதில்லை.

பணம் ஏது என்பர். அடுத்த மலரில் வாழ்த்துப் படங்களுக்கு ஒதுக்கும் வழவழப்புப் பக்கங்களில் பாதியைக் குறைத்தால், பதினாறு பக்க முதல் இதழுக்குத் தாள் கிடைக்கும். அதில் எட்டுப் பக்கம் இங்குள்ள இளைஞர் இன்று எடுக்கும் படங்களுக்கு. எட்டுப் பக்கம் நம் வீட்டுப் பழம்படங்களுக்கு. எடுத்த இடம், ஆண்டு, இடமிருந்து வலமாக நிற்போர் பெயர், அன்று வீட்டில் நிகழ்ந்தது என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சங்கத்தில் சேர்ப்பிக்கலாம். படம் பழுதின்றித் திருப்பித் தரப்பெறும்.