சாவி கொடுத்த பிறகு?

வவுனியா பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் கட்டுவதா, தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று 2016இல் அரசியல்வாதிகள் மோதிக்கொண்டார்கள். கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டி முடித்த பின்னும் அது பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பணம் வந்த பிறகு இடம் தேடினால் இப்படித்தான் ஆகும்.

1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டுப் போன நம் சொந்தங்கள் வாழும் மாவட்டம் அது. அங்கே நல்ல பாடமும் உண்டு. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டினார்கள். வீட்டுக்கு 550,000 ரூபா. வேலை முடிய முடியத் தவணையாக அவர்கள் கணக்குக்கே வந்தது. வீட்டுக்காரரே மேற்பார்வையாளர்.

நம் தோட்டங்களிலும் வீடுகள் எழுகின்றன. சாவி கொடுத்த பிறகு? கான் அடைத்தால், குழாய் உடைந்தால் நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டுகிறது. சபை நிர்வாகத்தைக் காட்டுகிறது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்ட மக்களுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்துவிட்டது. பழைய சாக்கு இனிச் செல்லாது.

அடிக்கல் நாட்டுமுன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். மண்சரிவு அபாயமில்லாத இடமா? தண்ணீர் எங்கிருந்து வரும்? வேலையை யார் பார்வையிடுவார்? பழுதுபார்க்கும் செலவு யாருடையது? கேட்கும் குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தானே.

பதில் கைக்கு வராதவரை எந்த அடிக்கல்லுக்கும் நாம் மாலையோடு நிற்க வேண்டாம்.