திண்ணையை மறக்கலாமா?

தஞ்சையைச் சுற்றியுள்ள காவிரிப் பாசன ஊர்களில் குடிசைகள் குறைந்து வருகின்றன. காங்கிரீட் வீடுகள் பெருகி வருகின்றன. இது நல்ல மாற்றம்.

கீற்றுக் கூரை எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தச் சீமை நன்றாக அறியும். 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்தது. 94 குழந்தைகள் கருகி மாண்டனர். 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் "கஜா" புயல் அடித்தது. கூரைகள் பறந்தன. ஏழைகள் நடுத்தெருவில் நின்றனர்.

ஆகவே, குடிசை போகத்தான் வேண்டும். இதில் இரண்டாவது பேச்சுக்கு இடம் இல்லை.

ஆனால், சித்திரை மாதத்தில் புதிய வீட்டின் நிலை என்ன?

காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. இரவில் அந்தச் சூட்டைக் கீழே கக்குகிறது. மின்விசிறியைப் போட்டால் அனல் காற்றுதான் வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள்.

பழைய ஓட்டு வீடு

பாட்டன் காலத்து ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. கூடம், தாழ்வாரம், நடுவில் முற்றம், வாசலில் திண்ணை. அவ்வளவுதான். தேவைக்கு மேல் ஒன்றும் கிடையாது.

முற்றத்தின் வழியே வெளிச்சம் வந்தது. சூடான காற்று மேலே ஏறி வெளியே போயிற்று. சாய்ந்த ஓடு ஐப்பசி மழையை வழிய விட்டது. திண்ணைக் கூரை, சுவரில் வெயில் படாமல் காத்தது. இயற்கையோடு சண்டை போடாத வீடு அது.

அந்த வீடு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வயலில் உழைத்தவருக்குக் குடிசைதான் கிடைத்தது. இன்று அவருக்கும் வீடு வருகிறது. வீட்டோடு குளிர்ச்சியும் வர வேண்டாமா?

பேக்கர் காட்டிய வழி

லாரி பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேரளத்தில் வாழ்ந்து, குறைந்த செலவில் ஏராளமான வீடுகளைக் கட்டினார். 2007-ல் காலமானார்.

தளம் போடும்போது, கம்பிகளுக்கு நடுவே ஓடுகளை வைத்துக் கட்டும் முறையை அவர் பரப்பினார். தளத்தின் அடிப்பாகத்தில் காங்கிரீட்டுக்கு வேலை குறைவு. அந்த இடத்தை ஓடு அடைத்துக்கொள்ளும். சிமெண்டு மிச்சம், மணல் மிச்சம். சூடும் குறையும். மணல் மிச்சமானால் கொள்ளிடமும் பிழைக்கும்.

60 சதுர அடி

2024-ல் தமிழக அரசு "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவது நோக்கம். ஒரு வீட்டுக்கு ரூ.3½ லட்சம். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். ஓலை கூடாது என்று விதி செய்தார்கள்.

அந்த 60 சதுர அடியில்தான் விஷயம் இருக்கிறது. அதில் ஓடு வேய்ந்து திண்ணை கட்டலாம். மேற்குப் பக்கம் கட்டினால் மாலை வெயில் சுவரைத் தொடாது. எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல் வைத்தால் காற்று ஓடும். கொல்லையில் ஒரு வேப்பங்கன்று நட்டால் நாளைக்கு நிழல் தரும்.

இதற்குப் பெரும் செலவு இல்லை. அஸ்திவாரம் தோண்டும் முன்பே யோசிக்க வேண்டும். அதிகாரியும், கொத்தனாரும், குடியிருக்கப் போகும் குடும்பமும் கலந்து பேச வேண்டும். வீட்டில் வேகப் போகிறவர் யாரோ, அவரைக் கேட்காமல் வரைபடம் போடக் கூடாது.

வீடு சிறியதாக இருக்கலாம். அடுப்பாக இருக்கக் கூடாது.