கடை மாறட்டும், கட்டடத்துக்கு ஏன் முக்காடு?

கோட்டாற்றில் ஒரு கடை காலியானால் அடுத்து நடக்கப் போவது ஊருக்கே மனப்பாடம். முதலில் சாரம் கட்டுவார்கள். பிறகு இரும்புச் சட்டம் ஏறும். அதன்மேல் பளபளவென்று ஏ.சி.பி. ஷீட், அதற்கும் மேலே ஆள் உயர எழுத்தில் பேர். உள்ளே வரப்போவது செல்போன் கடையாக இருக்கலாம், நகைக்கடனாக இருக்கலாம், பிரியாணியாகவும் இருக்கலாம். வெளியே எல்லாவற்றுக்கும் ஒரே தகர மூஞ்சி. பின்னால் ஒரு கட்டடம் மூச்சுமுட்டிக் கிடப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

கம்போளம் பக்கம் அப்படி ஒரு மாடிக் கட்டடம் உண்டு. மேலே வளைவு வைத்த மூன்று ஜன்னல், நெற்றியில் சுதையில் இரண்டு கிளி, நடுவில் 1104 என்று வருஷம். அது கொல்லம் ஆண்டு. இங்கிலீஷ் கணக்குக்கு 1928-29. இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலம். அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பையன், ‘சோழர் காலமா அண்ணாச்சி?’ என்று என்னிடமே கேட்டான். சிரித்தேன். இப்போது அவன் தப்பாகப் படிக்கக்கூட அந்த எண் வெளியே தெரியவில்லை. கிளி, வருஷம், ஜன்னல் எல்லாம் நீல நிற ஷீட்டுக்குப் பின்னால் போய்விட்டன. சட்டத்தைப் பிடிக்க வைக்க ஒரு கிளியின் கழுத்தில் டிரில்லைப் போட்டு போல்ட் இறக்கினார்களே, அதை நின்று பார்த்தவன் நான்.

கடை மாறுவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கடை என்றால் மாறத்தான் செய்யும். அந்தக் கட்டடத்தில் மலஞ்சரக்கு விற்றார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தது ஜவுளி. பிறகு ரேடியோ ரிப்பேர், மாடியில் டைப்ரைட்டிங். அப்புறம் எஸ்.டி.டி. பூத், பிரவுசிங் சென்டர். வந்தவர்கள் எல்லாம் வளைவுக்குக் கீழே அடங்குகிற மாதிரி ஒரு மரப்பலகையில் பேர் எழுதி மாட்டினார்கள். போகும்போது அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் ஆணித்துளை மட்டும் மிஞ்சியது. அன்றைக்குக் கடைக்காரன் கட்டடத்துக்கு அடங்கினான். இன்றைக்குக் கம்பெனி எங்கிருந்தோ ஒரு அளவு அனுப்புகிறது, களியக்காவிளையானாலும் சென்னையானாலும் அதே நீலம், அதே நீளம். அந்த அளவுக்கு இடிக்கிறது என்றால் வளைவைக் கொத்து, எறப்பை அறு.

எறப்பை அறுத்ததுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். இடவப்பாதியும் பெய்து ஐப்பசியும் பெய்கிற மாவட்டம் இது. சரிந்த ஓட்டுக்கூரையையும், கடைக்கு முன்னால் நாலடி வெளியே நீண்ட எறப்பையும் அந்தக் காலத்துக் கொத்தனாரும் ஆசாரியும் அலங்காரத்துக்கா வைத்தார்கள்? மழை பிடித்தால் சந்தைக்கு வந்தவன் ஒரு கடை எறப்பிலிருந்து அடுத்த கடை எறப்புக்கு நகர்ந்தே தெரு முனைக்குப் போய்விடலாம். கடைக்காரனும் ‘ஏறி நில்லும் வே’ என்பான். இப்போது கண்ணாடிக் கதவும், அதற்கு மேல் சொட்டுகிற ஏ.சி. பெட்டியும். மழைக்கு ஒதுங்கினால் செக்யூரிட்டி ‘உள்ளே வாங்க சார்’ என்கிறார். வாங்கவா போனேன்?

நிரைப்பலகை போனது அடுத்த கதை. பலகைக்குப் பலகை எண் போட்டிருக்கும். காலையில் ஒவ்வொன்றாகக் காடியிலிருந்து உருவி அடுக்குவார்கள். ராத்திரி எண் தப்பாமல் திரும்பச் செருகி, கடைசிப் பலகையின் மேல் இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டுவார்கள். கரையான் சீக்கிரம் அண்டாத அயினி மரம். ஷட்டர் வந்தது, சரி, வசதி. ஆனால் அந்தப் பலகைகளை விறகுக் கணக்கில் எடை போட்டது எந்த ஊர் நியாயம்?

கட்டடக்காரரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஓய், கிளிய வச்சு நாக்கு வழிக்கவா? மாசம் பொறந்தா வாடகை வருதா, அதச் சொல்லும்” என்றார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரொம்ப காலம் அவரைப் போன்றவர்களின் கையைக் கட்டிப் போட்டிருந்தது. அதன் 14-ஆம் பிரிவைப் பாருங்கள். பழுது பார்க்க வேண்டுமென்று வாடகைக்காரரைக் காலி செய்தால், வேலை முடிந்ததும் அதே ஆளுக்கே திரும்பக் கொடுக்க வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று காட்டினால் ஒரேயடியாகக் காலி செய்யலாம். பழைய வாடகையில் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப நினைக்கும் ஆள் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஓடு மாற்றுவாரா, கடப்பாரை எடுப்பாரா? 2019-ல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்குள் கடப்பாரை பாதித் தெருவைப் பார்த்துவிட்டது.

பழசை மதிக்காத ஊரா என்றால் அதுவும் இல்லை. நம் மணிக்கூண்டு மணிமேடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1893 பிப்ரவரியில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திறந்து வைத்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டத்தி பாதிரியார் முன்னின்றார். செலவு 3,258 ரூபாய் 9 சக்கரம் 12 காசு என்று காசு வரைக்கும் கணக்கு இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பொறுப்பில் பத்திரமாக இருக்கிறது. ராஜா இருந்த வீட்டுக்கு ஆள் உண்டு, சாமி இருக்கும் வீட்டுக்கும் உண்டு. அரிசியும் கருப்பட்டியும் விற்ற வீட்டுக்குத்தான் நாதியில்லை.

சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறது என்பீர்கள். அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் தெரியுமல்லவா? ஸ்மித் கம்பெனியின் மருந்துக் கடைக்காக ஜே.எச். ஸ்டீபன் வரைந்து 1897-ல் எழுந்தது. 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது, பிறகு எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-ல் இடிக்க ஆரம்பித்தே விட்டார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. இடிக்கக் கூடாதென்று 2010-ல் தீர்ப்பும் வந்தது. அதன் பிறகும் அது வருஷக்கணக்கில் சிதைந்தே கிடந்தது. 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது, அமலுக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. தலைநகரில், அத்தனை பெரிய கட்டடத்துக்கே இந்தப் பாடு. கோட்டாற்றுக் கிளிக்கு யார் வக்காலத்துப் போடுவார்கள்?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஷீட் போடுகிறவர்கள் மாடி ஜன்னலுக்குக் கீழே நிறுத்திக்கொள்ளட்டும். லைசென்ஸ் கொடுக்கும்போது அதை ஒரு நிபந்தனையாகப் போட்டால் யார் குடியும் முழுகாது. இதை எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்:

“கட்டடம் உங்க பேர்லயா?”

“இல்ல.”

“வாடகைக்கு இருக்கேளா?”

“இல்ல.”

“பங்கு ஏதும் உண்டா?”

“இல்ல. அந்த வழியா நடந்து போறவன்.”

அவர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு அதில் கட்டம் இல்லையாம்.