மகமையும் பிடியரிசியும்



மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதன் கதையை இன்னும் முன்னால் தொடங்க வேண்டும்.

1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், உள்ளூர்ப் படிப்பு முடிந்ததும் திண்டுக்கல்லுக்கும், பிறகு மதுரைக்கும் போய்த்தான் படித்தார். பின்னாளில் ரமண மகரிஷியானவர் அவர்தான். பள்ளிப் படிப்புக்கே அவ்வளவு தூரம்! அன்று இருந்த அமெரிக்கன் கல்லூரியும் (1881) மதுரைக் கல்லூரியும் (1889) வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் போட்ட குடும்பங்களுக்கு எப்படி எட்டும்?

இங்கே கல்வியைக் கொண்டுவந்தது ஊர்ப்பணம். வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்துவைத்தது மகமை. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுவைத்தது பிடியரிசி. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. அங்கே படித்த காமராசரால் படிப்பைத் தொடர முடியவில்லை. 1978இல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. 1970இல் அருப்புக்கோட்டையிலேயே தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவபானு சத்திரியக் கல்லூரி என இரண்டு. தறிச் சத்தம் கேட்கும் தெருப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய் பி.ஏ. படிக்க முடிந்தது. அதற்கும் வழியில்லாமல் வேலைக்குப் போனவர்களுக்கு, மதுரைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் தபால்காரர் பாடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். திருச்சுழிக்கு அரசு கலை அறிவியல் கல்லூரி கிடைத்தது 2022இல்தான். ரொம்பத் தாமதம்.

அந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில், சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் அளவுக்குப் பணமுடையில் தவித்திருக்கிறது. பிடியரிசி கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் இடம் அது. அரசு அதைக் கைவிடக் கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்லூரி ஆண்டு மலரோ, அஞ்சல்வழிப் பாடக் கட்டோ, நன்கொடை ரசீதோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தந்தக் கல்லூரி நூலகத்தில் சேருங்கள். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்